அக்காவுக்கு எடுத்துக் கொடுக்காத சொல்

இந்த நினைவு மலரை வாங்கிப் பிரித்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு என் அக்கா ஊசி போட்டிருப்பார். மீதிப் பேருக்கு நான் நாற்காலி போட்டிருப்பேன். ஊசி வாங்கியவர்கள் வலியை மறந்து ஆளை மட்டும் நினைவில் வைத்திருந்து, முதலாம் ஆண்டு நினைவுநாளுக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் யாரும் என்னை நினைத்துக்கொண்டதாக இதுவரை தகவல் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். நான் பந்தல், மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருப்பவன். கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசாமல் நான் இறங்கியதில்லை. பேசத் தெரிந்தவனுக்கு எழுதவும் தெரியும் என்று மாமா நம்பிவிட்டார். அவருக்குக் கண்பார்வை மங்கிப்போய்விட்டதால் இதை அவர் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். யாராவது அவருக்குப் படித்துக் காட்டுவதானால், நல்ல இடங்களாகப் பார்த்துப் படியுங்கள்.

நினைவு மலர் என்றால் அக்காவை 'அவர்' என்றுதான் எழுத வேண்டுமாம். பேசத் தொடங்கிய நாள் முதல் 'நீ, வா, போ' என்று கூப்பிட்டவரை 'அவர்' என்று எழுதும்போது எனக்கே யாரோ ஒரு தாசில்தாரம்மாவைப் பற்றி எழுதுவது போல இருக்கிறது. அக்கா இருந்திருந்தால், "யாருடா அந்தப் பெரிய மனுஷி?" என்றுதான் கேட்டிருப்பார்.

அக்கா பிறந்தது உறுவையாறு கிராமத்தில். அப்பா, அம்மா இருவரும் கழனி வேலைக்குப் போனவர்கள். அக்கா மூத்தவர், நான் கடைக்குட்டி. அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மாவோடு கத்திரித் தோட்டத்தில் காய் பறிக்கப் போவார். நான் வரப்பில் உட்கார்ந்து, பறிப்பவர்களுக்கு உற்சாகம் ஏற்படும்படி பேசிக்கொண்டிருப்பேன். என் தொழில் அங்கேதான் தொடங்கியது. அப்பா காலமானபோது அக்கா நர்ஸ் படிப்பில் இருந்தார். படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போ என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். அக்கா விடவில்லை. விடுமுறைக்கு விடுமுறை வந்து காய் பறித்தார், திரும்பிப் போய்ப் படித்தார். பாகூர் பக்கம் முதல் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் பத்தாம் வகுப்பு படித்தேன். பாடம் மிகவும் பிடித்துப்போனதால் அதை இரண்டு வருடம் படித்தேன்.

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்திலும் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்திலுமாக அக்கா வேலை பார்க்காத துணை சுகாதார நிலையம் குறைவு. முதலில் சைக்கிள், பிறகு மொபெட். ஊருக்குள் மொபெட் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். மாமா நூல் மில்லில் வேலை பார்த்தார். மில் மூடியது, மாமாவுக்குச் சர்க்கரை வந்தது, சர்க்கரை மெல்ல மெல்லக் கண்ணைத் தின்றது. கையும் நடுங்கத் தொடங்கிற்று. ஊசியைத் தானே போட்டுக்கொள்ள முடியாது. தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் மாமாவின் வயிற்றில் இன்சுலின் போடுவது அக்காவின் முதல் வேலை. ஊருக்கு ஊசி போட மொபெட் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாமாவுக்கு அக்காதான் கண்ணும் கையும்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பணியின் கடைசிச் சில வருடங்களில், வயதானவர்களிடம் மறதி நோய் தொடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அக்காவைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த அன்றே என்னைப் பிடித்து உட்கார வைத்தார். ஒரு நிமிடம் தருவாராம். அதற்குள் எத்தனை மிருகங்களின் பெயர் தோன்றுகிறதோ எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமாம். ஒரே பெயரைத் திரும்பச் சொன்னால் கணக்கில் சேராது. இவ்வளவுதான் சோதனை.

நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தொடங்கினேன். ஆடு, மாடு, நாய், பூனை, நாய், குரங்கு. அதோடு சரி. நாள் முழுக்க மைக்கில் பேசுகிறவனுக்கு, உலகத்தில் ஆண்டவன் மொத்தம் ஐந்து மிருகங்களைத்தான் படைத்தான் என்று தோன்றிவிட்டது. தவித்துப் போய் மறுபடியும் 'நாய்' என்றேன்.

"அத மூணு தடவ சொல்லிட்டடா," என்றார் அக்கா. "வேற எதுவும் உனுக்குத் தோணலியா?"

"என் மச்சினன் தோணறான். சேத்துக்கறியா?" என்றேன்.

அக்கா சிரித்தார். ஆனால் என் மச்சினனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பயப்படாதே, நோய் ஒன்றும் இல்லை, கிண்டலில் போன மூளை மிருகத்துக்குத் திரும்ப நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, நிதானமாக இன்னொரு முறை கேட்டார். அப்போது ஒழுங்காகவே சொன்னேன்.

இதை அக்கா ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் போனவர்களிடம் 'க'வில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொல்வதும் உண்டாம். அக்கா அதை எங்கள் ஊர்க் கிழவிகளிடம் கேட்கவே மாட்டார். எழுத்துத் தெரியாதவரிடம் எழுத்தைச் சொல்லிக் கேட்டால் அது படிப்புக்கு வைத்த பரீட்சை ஆகிவிடும் என்பார். மிருகம் என்றால் எல்லோருக்கும் பொது. நல்லபடியாக இருக்கிறவர் தேடித் தேடியாவது எடுத்துக்கொண்டே இருப்பார். நோய் தொடங்கியவர் சீக்கிரம் நின்றுவிடுவார், அல்லது சொன்னதையே சுற்றிச் சுற்றி வருவார். இது ஒன்றை வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. மற்ற சோதனைகளும் வேண்டும். ஆனால் யாரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது இதில் தெரிந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பக்கம் இந்தச் சோதனைக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. ஒருவர் வார்த்தை வராமல் நின்றால், சுற்றி இருக்கிறவர்களுக்குப் பொறுக்காது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது போல வார்த்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை மொபெட் பழுதாகி, நாற்காலி ஏற்றும் என் வண்டியில் அக்காவைக் கரியமாணிக்கம் பக்கம் கூட்டிப்போனேன். ஒரு வீட்டுப் பெரியவரிடம் அக்கா மிருகம் கேட்டார். அவர் பசு, எருது, ஆடு என்று சொல்லிவிட்டு மேலே பார்த்தார். அடுப்படியிலிருந்து மருமகள், "நாயி மாமா, நாயி," என்று குரல் கொடுத்தார். மதிலுக்கு அந்தப்பக்கம் நின்ற பக்கத்து வீட்டம்மா குரங்கை விட்டுவிட்டாரே என்று வருத்தப்பட்டார். வாசலில் நின்றிருந்த நான், என் தொழில் குரலில், யானை என்றேன். பெரியவர் என் பக்கம் திரும்பி நன்றியோடு தலையாட்டி, "யானை" என்றார்.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"இனிமே யாரு வாயத் தொறக்கறீங்களோ, அடுத்த பரிச்ச அவங்களுக்குத்தான். தோ, மொத ஆளு என் தம்பி நிக்கறான்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம்கூட நின்றுவிட்டது. பக்கத்து வீட்டம்மாவின் தலை மதிலுக்குக் கீழே இறங்கிற்று. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அக்கா முதலில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். போலீஸ் வந்து சொன்னாலும் அவ்வளவு அமைதி கிடைத்திருக்காது.

வண்டியில் திரும்பும்போது நான், பாவம் மனுஷன் தவிக்கிறாரே என்றுதானே சொன்னேன் என்றேன். அக்கா கோபப்படவில்லை.

"எடுத்துக் குடுக்கறது பாசந்தான்டா. அந்தப் பாசத்தாலதான் வூட்டுல ஒருத்தருக்கும் தெரியாமப் போவுது. பாதி வார்த்த அவரு சொல்லுவாரு, மீதிய நாம சொல்லிடுவோம். முழுசா அவரே பேசனாப்போல இருக்கும். நோவு முத்தனப்புறம்தான் தூக்கிக்கினு ஓடியாருவாங்க."

அக்கா பணி ஓய்வு பெற்றபோது நானே இலவசமாகப் பந்தல் போட்டேன். மைக்கும் இலவசம். என் பேச்சும் இலவசம். அந்த மூன்றில் முதல் இரண்டுக்கு மட்டும் அக்கா நன்றி சொன்னார்.

ஓய்வுக்குப் பிறகு சில வருடங்கள் நன்றாகப் போயின. பிறகு அக்காவின் பேச்சில் இடையிடையே ஒரு சின்ன நிறுத்தம் வரத் தொடங்கியிருக்கிறது. எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. காரணம், அந்த இடத்தை மாமா நிரப்பிக்கொண்டிருந்தார். அக்கா "அந்த, மாவு சலிப்போமே அது" என்றால் மாமா "சல்லடை" என்பார். "நேத்து வந்தாளே அவ" என்றால் மாமா பெயரைச் சொல்வார். கண் தெரியாத மனிதர், மனைவியின் குரலையே பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர். எங்கே தடுமாறும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நாங்கள் அதை அன்னியோன்னியம் என்று நினைத்துப் பெருமைப்பட்டோம்.

ஒரு நாள் காலை அக்கா மாமாவுக்கு ஊசி போட்டார். சமையலறைக்குப் போய் இட்லிப் பானையை இறக்கி வைத்தார். திரும்பி வந்து, மருந்துக் குப்பியை எடுத்து மறுபடியும் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு, மாமாவின் சட்டையைத் தூக்கினார். மாமா, "இன்னா, இப்பதான போட்ட?" என்றார். எப்போது என்று அக்கா கேட்டார். மாமா வழக்கம்போலச் சிரித்து மழுப்பப் பார்த்தார். அக்கா அவர் வயிற்றைப் பார்த்தார். கொஞ்சம் முன்பு குத்திய இடத்தில் சிவப்பாகப் புள்ளி இருந்தது.

இதை அக்காவே எனக்குச் சொன்னார்.

"இன்னொரு தடவ ஏத்தியிருந்தா, சக்கர எறங்கி மயங்கனவரு எழுந்தே இருக்கமாட்டாரு. நான் நர்ஸுடா. எனுக்குத் தெரியணும், இது சும்மா ஒரு நாளு மறதியா, இல்ல அதுவான்னு. வண்டி எடு."

சுகாதார நிலையத்துக்குப் போனோம். இளவயது டாக்டர், அக்காவிடம் பயிற்சி பெற்றவர் போல அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார். அக்கா ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வியை அவரிடமே கேட்கக் கூச்சப்பட்டு, தயங்கித் தயங்கி மிருகங்களின் பெயர் கேட்டார். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அக்காவின் குரல் கேட்டது. ஆட்டில் தொடங்கி, எருமை, கழுதை, கீரி, முள்ளம்பன்றி, ஒட்டகம் என்று தடையில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டரே போதும் சிஸ்டர், நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று சிரித்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வில்லியனூர் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி மைசூர்பாகு வாங்கிவந்து நீட்டினேன்.

அக்கா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"எடுத்து வையி. பாஸானது நான் இல்ல."

"பின்ன யாரு, நானா? எனுக்கு அந்தப் பழக்கமே இல்லியே."

"அது என் வார்த்த இல்லடா. இத்தன வருஷமா ஆயாங்க, தாத்தாங்க எங்கிட்ட சொன்ன மிருகம். வரிசையா உள்ள நிக்குது. தொறந்து வுட்டேன், வந்துடுச்சி. நான் தேடல. தேடனாத்தான் தெரியும்."

தேர்ச்சி பெற்றுவிட்டு, விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்து மறுபடி திருத்தச் சொன்ன ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அதில் அனுபவமே இல்லை. நானாக இருந்தால் மைசூர்பாகைத் தின்றுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா என் கிடங்குக்கு வந்தார். மடித்து அடுக்கிய பந்தல் துணிகளுக்கு நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தான் யாரையும் கேட்காத ஒன்றை நான் கேட்க வேண்டும், அது என்ன என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்றார். டாக்டரிடமே மறுபடி போகலாமே என்றேன்.

"போவத்தான் போறேன். போறதுக்கு மின்ன எனுக்குத் தெரியணும்."

"சரி, அதுக்கு நான் எதுக்கு? எனுக்கு நாயத் தவிர ஒண்ணும் தெரியாதே."

"உங்க மாமா கேட்டா பாதியில அழுதுடுவாரு. உன் பொண்டாட்டி எடுத்துக் குடுத்துடுவா. நீதான் ஊருல ஒருத்தர வுடாம கிண்டல் பண்றவன். பாவம் பாக்காமக் கேளு. ஒண்ணு மட்டும். எடுத்துக் குடுக்காத."

நான் பெரிய புத்திசாலி போல, கல்யாண வீட்டுச் சாமான்களின் பெயரைச் சொல் என்றேன். அக்கா கிடங்கைச் சுற்றிப் பார்த்தார். அண்டா, நாற்காலி, குத்துவிளக்கு, சமுக்காளம் எல்லாம் கண் முன்னால் இருந்தன. "பாத்தே சொல்லிடுவேன்டா, மண்டு," என்றார். பிறகு எழுந்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஜன்னலுக்கு வெளியே வேலியில் பீர்க்கங்கொடி காய்த்துத் தொங்கியது. அது அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. என் கண்ணுக்கு நேராக இருந்தது.

"காய்கறி," என்றேன். கைப்பேசியில் ஒரு நிமிடக் கணக்கைத் தொடங்கினேன்.

"கத்திரிக்கா," என்றார் அக்கா. "வெண்டக்கா. முருங்கக்கா. தக்காளி. அவரக்கா." கொஞ்சம் நின்று, "வாழக்கா," என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வலது கை மடியில் எதையோ பறிப்பது போல அசைந்தது. கத்திரித் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பறித்த கை. வாய் லேசாகத் திறந்து மூடியது. எனக்கோ உள்ளே சுரைக்காய், புடலங்காய், பாகற்காய் எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன. வேலியில் பீர்க்கங்காய் காற்றில் ஆடி ஆடி என்னைக் கூப்பிடுகிறது. ஒரே ஒரு சொல். யாருக்கு என்ன குறைந்துவிடும்? தோளில் கிடந்த துண்டின் முனையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன். ஊரில் எத்தனையோ பேர் என்னை வாயை மூடச் சொல்லியிருக்கிறார்கள். யாராலும் முடியவில்லை. அன்றைக்கு முடிந்தது.

"கத்திரிக்கா," என்றார் அக்கா கடைசியாக. நேரம் முடிந்துவிட்டது.

அக்கா திரும்பாமலே எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன்.

"ரெண்டாந்தடவ சொன்ன கத்திரிக்காயச் சேத்தியா?"

சேர்த்திருந்தேன். ஒன்றே ஒன்று கூடுதலாக இருக்கட்டுமே என்றுதான்.

"எடு," என்றார்.

எடுத்தேன். அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. அது அக்காவுடையது.

அக்கா எழுந்து நாற்காலியைப் பழையபடி அடுக்கில் வைத்தார். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். அங்கேயே நின்றுகொண்டு முடிவைச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து மாமாவுக்கு ஊசி நான்தான் போட வேண்டும். மருந்தும் சிரிஞ்சும் அவர்கள் வீட்டில் இருக்கக் கூடாது, அடுத்த தெருவில் இருக்கும் என் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். அக்கா இன்னொன்றும் சொன்னார்.

"ஒரு நாளு வந்து நான் கேப்பேன். சண்ட போடுவேன், திட்டுவேன். அப்ப குடுத்துடாத. இப்ப பேசறேனே, இவதான் உன் அக்கா. இவ சொல்றதக் கேளு."

"நீ கை ஓங்கனா?"

"வாங்கிக்கோ. சின்ன வயசுல வாங்காததா?"

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் பண்ணினார்கள், பலவிதமாகக் கேள்வி கேட்டார்கள். அக்கா நினைத்ததுதான். மறதி நோயின் தொடக்கம் என்றார்கள். மாத்திரை நோயை நிறுத்தாது, கொஞ்சம் தாக்குப்பிடிக்க உதவும் என்றார்கள். இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தீர்கள் என்று அந்த டாக்டர் கேட்டார். அக்கா என்னைக் காட்டி, இவன் வாயை மூடிக்கொண்டிருந்ததால் என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. அதில் எவ்வளவு பெரிய சாதனை அடங்கியிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஊசியைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். சிறுவயதில் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் புகுந்தவர்களில் கடைசியாக வெளியே வந்தவன் நான். அக்கா என்னைச் சாத்துக்குடியில் குத்திப் பழக வைத்தார். குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டு, ஆட்டாதே, கோட்டைப் பார், காற்றுக் குமிழியை வெளியேற்று, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடி. ஒவ்வொரு நாளும் அதே வரிசை, அதே கண்டிப்பு. பத்தாம் வகுப்பில் இப்படி ஒருவர் கிடைத்திருந்தால் ஒரு வருடத்தில் முடித்திருப்பேன். முதல் நாள் மாமா சட்டையைத் தூக்கிக்கொண்டு, "பந்தலுக்குக் குழி தோண்டறவன் கையில என் வயித்தக் குடுத்துட்டியே," என்று அக்காவிடம் முறையிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு குத்தப் போனேன். "கண்ணு தெரியாதவரு அவரு ஒருத்தரே போதும், நீ தொற," என்றார் அக்கா. திறந்தேன். போட்டேன். மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா சொன்ன அந்த நாள் வந்தது. ஒரு காலை நான் மருந்தோடு உள்ளே நுழைந்தபோது அக்கா வாசலை மறித்துக்கொண்டார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தன் வீட்டு மருந்தைத் திருடிக்கொண்டு போனவன் என்று தெருவே கேட்கக் கத்தினார். தான் நர்ஸ் என்றும், தன் புருஷனுக்குத் தான்தான் ஊசி போட வேண்டும் என்றும் சொல்லிக் கையை நீட்டினார். அந்தக் கையில் வைத்துவிட வேண்டும் போல இருந்தது. தெருவுக்கே ஊசி போட்ட கை. தெருவில் நின்றவர்களும், பாவம், கொடுத்துவிடுப்பா என்றுதான் சொன்னார்கள். உள்ளே மாமா அழுதுகொண்டிருந்தார். நான் கொடுக்கவில்லை. கன்னத்தில் ஒன்று விழுந்தது. வாங்கிக்கொண்டு உள்ளே போய், உருட்டி, கோட்டைப் பார்த்து, குமிழியை வெளியேற்றி, மாமாவுக்குப் போட்டேன். பின்னாலேயே வந்த அக்கா, என் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். முடித்ததும், "சதையக் கிள்னியா?" என்றார். "கிள்னேங்கா," என்றேன். சரி என்பது போலத் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அப்படிப்பட்ட காலைகள் பிறகும் வந்தன. ஒரு நாளும் நான் கொடுக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் கொடுத்த உத்தரவு அது. வாசலில் நின்று கத்தியவருக்காக அதை மாற்றுவதற்கு எனக்கு உரிமை இல்லை.

கடைசி மாதங்களில் அக்காவிடம் சொற்கள் கையளவுதான் இருந்தன. பார்க்க வந்தவர்கள் அன்பு தாங்காமல், அக்கா வாயைத் திறக்கும்போதே தண்ணியா, காப்பியா, படுத்துக்கறியா என்று வரிசையாக எடுத்துக் கொடுப்பார்கள். அக்கா முகம் சுருங்கிவிடும். நான் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் அக்காவின் பழைய வாக்கியத்தையே சொன்னேன்: வாயைத் திறப்பவர்களுக்குத்தான் அடுத்த பரீட்சை. சிலர் சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் காத்திருந்தார்கள். காத்திருந்தபோது அக்காவுக்குச் சில வார்த்தைகள் வரவும் செய்தன. சிலருக்கு அவர்கள் பெயரே கிடைத்தது. கிடைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அது எத்தனை பெரிய பரிசு என்று உங்களுக்கே தெரியும்.

காய்ச்சலில் படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. கடைசி நாள் காலையில் நானும் என் மனைவியும் மாமாவும் பக்கத்தில் இருந்தோம். அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எதையோ கேட்க வேண்டும் என்பது தெரிந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு விரல்கள் போர்வையைக் கிள்ளிப் பிடித்தன. விட்டன. மறுபடி கிள்ளின. அந்தப் போர்வை மேல் கை வைத்திருந்த மாமா உட்பட எங்கள் மூன்று பேருக்கும் அந்தச் சொல் தெரியும். என் மனைவி சொல்லப்போனார், நான் கையைக் காட்டினேன். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுவதும் எடுத்துக் கொடுத்தவர், அன்று கொடுக்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம்.

"ஊசி," என்றார் அக்கா.

"போட்டாச்சிக்கா," என்றேன்.

அதற்குப் பிறகு அக்கா எதையும் தேடவில்லை. அன்று மத்தியானம் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். அக்காவைத் தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டிய என் மனைவிக்கு நன்றி. எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்து பார்த்த, அக்காவோடு வேலை பார்த்த நர்ஸ் அம்மாக்களுக்கு நன்றி. நான் திருடன் இல்லை என்று தெரிந்தும் அக்காவுக்காக என்னை ஒரு சத்தம் போட்டுவிட்டு, பிறகு தனியாகக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்த தெருக்காரர்களுக்கு நன்றி. இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்களுக்கும், மாலை போட்டவர்களுக்கும், வர முடியாமல் இருந்த இடத்திலேயே அழுதவர்களுக்கும் நன்றி. எல்லோரையும்விட, அக்கா ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் என் வணக்கம். அது எவ்வளவு கடினம் என்று இந்தக் கொம்யூனில் என்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது வார்த்தை தேடத் தொடங்கினால், ஒரு நிமிடம் பொறுங்கள். தவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு கூச்சப்படாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வண்டி வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். நாற்காலிகளை இறக்கிவிட்டு வருகிறேன். வழியில் பேச மாட்டேன் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது.

மாமாவுக்கு இன்று காலையும் போட்டாகிவிட்டது, அக்கா. சதையைக் கிள்ளித்தான் போட்டேன்.